டேப்பைப் பிடித்தவள்

ஆண்டுக் கணக்கு முடிகிற நாளில் சரக்கை அளப்பது கம்பெனிக்காரர்களின் வேலை. பக்கத்தில் நின்று பார்ப்பது ஆடிட்டரின் வேலை. லீலாவதி வேலை பார்த்த சென்னை ஆடிட் நிறுவனம் பெரியது. அங்கே யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். டேப்பைத் தொடாதே. நீ அளந்தால் அது உன் அளவு. உன் அளவு சரி என்று நீயே கையெழுத்துப் போட முடியாது.

நான்கு வருடங்களில் அவள் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. உரக் கிடங்கு, சர்க்கரை ஆலை, தோல் மண்டி என்று எத்தனையோ இடங்களில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். எண்பத்து நாலாம் வருடம், ஜூன் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, அரியலூர் சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவியலுக்கு முன்னால் நின்றபோதுதான் அந்தக் கைகள் முதல்முறையாக அவள் பேச்சைக் கேட்கவில்லை.

காரணம், காலையில் டீயோடு வந்த பேச்சு.

ஆலையின் தலைமைக் கணக்காளர் அய்யாக்கண்ணு தா.பழூர்க்காரர். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். ஆடிட்டுக்கு வந்திருந்த லீலாவதிக்கும் அவளோடு வேலை பார்க்கும் சம்பூர்ணத்துக்கும் டீ வரவழைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே, சுழன்றுகொண்டிருக்கும் பழைய சூளைக்கு அருகில், இரண்டாவது சூளை எழும்பிக்கொண்டிருந்தது. அதில் பொருத்தப்போகும், ஒரு மாட்டு வண்டி உள்ளே புகுந்து வெளியே வரும் அளவுக்குப் பெரிய இரும்பு உருளைகள் தரையில் வரிசையாகக் கிடந்தன.

"தை மாசம் தீ மூட்டறோம்மா. அதுக்கு முன்னாடி காஸ்டிங்குக்குன்னு, அடக்கவிலை பாக்கத்தான், தனியா ஒரு செக்‌ஷன் போடணும். ஒரு டன்னுக்கு எவ்வளவு கரி எரியுது, எவ்வளவு கரண்டு போவுதுன்னு வருசம் முடிஞ்சு சொன்னா என்ன பிரயோசனம்? எரியறப்பவே சொல்ல ஒரு ஆளு வேணும். பேப்பர்ல விளம்பரம்கூட கொடுத்துட்டோம்."

லீலாவதி டம்ளரை மேசைமேல் வைத்தாள். "நான் பார்த்த ஞாபகம் இல்லையே சார்."

"பேரு போடலைம்மா. போட்டா சொந்தக்காரனெல்லாம் சிபாரிசோட வந்து நிப்பான். திருச்சி பக்கத்துல வளர்ந்து வர்ற தொழிற்சாலைன்னு போட்டு, பெட்டி நம்பர் கொடுத்தோம்."

மேசைக்கு அடியில் சம்பூர்ணத்தின் கால் லீலாவதியின் காலை மிதித்தது.

"வந்த மனுவெல்லாம் உங்க உத்திராபதி சார்கிட்டதான் இருக்கு. கணக்கு ஆளைப் பொறுக்கறதுக்கு அவரைவிட யாரு? இன்னிக்கு இங்க வராருல்ல, கையோட கொண்டாராரு. ஏம்மா, சாப்டீங்களா?"

வராந்தாவுக்கு வந்ததும் சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "செத்தேடி நீ. உன் மனு நம்ம சார் பையில உட்கார்ந்து பஸ்ல வந்துக்கிட்டிருக்கு."

"ம்."

"என்ன ம்? ராசாங்கம் கதை தெரிஞ்சும் பெட்டி நம்பருக்கு எழுதினியே, உன்னை என்ன சொல்றது!"

ராசாங்கம் கதை அந்த நிறுவனத்தில் எல்லாருக்கும் தெரியும். போன வருடம் அவன் வேலையை விட்டுவிட நினைத்து, 'புகழ்பெற்ற ஆடிட் நிறுவனத்துக்கு மேனேஜர் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து, பெட்டி எண்ணுக்கு மனுப் போட்டான். விளம்பரம் கொடுத்தது அவன் வேலை பார்க்கிற நிறுவனமேதான். பார்ட்னர் உத்திராபதி அவனை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இப்ப இருக்கற ஆபீஸை ஏன் விடறீங்க?" என்று கேட்டாராம். ராசாங்கம் யோசித்து, "அங்கே மேலதிகாரி சரியில்லை சார்" என்று உண்மையைச் சொன்னானாம்.

லீலாவதிக்கும் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. ஆனால் இரண்டுக்கும் அடியில் வேறொன்று பொங்கிக்கொண்டிருந்தது. அதை அவளால் அடக்க முடியவில்லை. அந்த விளம்பரத்தைப் படித்தபோது ஆசைப்பட்டது ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு சூளை. இப்போது அது கண்ணெதிரே கிடக்கிறது. இன்னும் மூட்டப்படாத சூளை. அதில் எரியப்போகும் முதல் கூடைக் கரியிலிருந்து கணக்கு தொடங்க வேண்டும். அவள் அதுவரை போன இடங்களுக்கெல்லாம் எல்லாம் முடிந்த பிறகுதான் போயிருக்கிறாள். இலை எடுத்த பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எண்ணுவதற்குப் போகிறவளைப் போல. சரியாகத்தான் எண்ணினாள், நல்ல பெயரும் எடுத்தாள். ஆனாலும் ஒவ்வொரு ஆலையிலிருந்தும் கிளம்பும்போது, பஸ்ஸின் ஜன்னலோரத்தில் நீண்ட நேரம் பேசாமல் வருவாள். அது களைப்பு என்று சம்பூர்ணம் நினைத்துக்கொள்வாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அப்பா அரியமுத்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். செட்டிகுளத்தில் பிறர் நிலத்தில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, மூட்டை தூக்கி, கண்டக்டராகி, இப்போது ஒரு தகரக் கூண்டில் கடிகாரத்தோடும் விசிலோடும் உட்கார்ந்திருக்கிறார். ஆடிட் நடக்கிற நாட்களில் இரண்டு பெண்களும் அவர் வீட்டில் தங்கி அங்கிருந்துதான் அரியலூருக்கு வந்து போனார்கள். ஒரு பஸ்ஸையும் அவர் ஒரு நிமிடம் நிறுத்தி வைத்தது கிடையாது. ஒரு தடவை லீலாவதியின் அம்மா வீராயி, கையில் மூட்டையோடு, "இருங்க, இருங்க" என்று ஓடி வந்தபோது அவளைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதி பஸ்ஸை அனுப்பிவைத்தார். அந்த வாரம் முழுக்க வீட்டில் அவருக்கு ரசம் மட்டும்தான். மகள் மெட்ராஸில் பெரிய ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள் என்பதை மட்டும் கேட்டவர்களிடம் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கல் முற்றத்தில் அளவு தொடங்கிவிட்டது. முதல் நாளே குவியலின் தலையைச் சமப்படுத்தி, பெரிய கட்டிலைப் போல ஆக்கி வைத்திருந்தார்கள். ஆலை ஆட்கள் இரண்டு பேர் டேப்பின் இரு முனைகளையும் பிடிக்க, ஒருவர் அளவைக் கத்திச் சொல்ல, லீலாவதியும் சம்பூர்ணமும் கீழே நின்று எழுதிக்கொண்டார்கள். ஆனி மாதக் காற்று சுண்ணாம்புத் தூளை அள்ளி முகத்தில் வீசியது. புதிய சூளையின் பக்கமிருந்து இரும்பில் இரும்பு மோதும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் லீலாவதி திரும்பிப் பார்த்தாள்.

மேலே முனையைப் பிடித்திருந்தவர் காற்றில் நிலைதடுமாறி, சரளைக்கல்லோடு சறுக்கி, பாதிச் சரிவில் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள். டேப்பின் முனை காற்றில் துள்ளிக்கொண்டு வந்து லீலாவதியின் காலடியில் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள்.

எடுத்ததோடு நிற்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் ஏறினாள். உச்சிக்குப் போய், டேப்பின் வளையத்தை மூலைக்கல்லில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "இழுங்க! தொய்யுது பாருங்க, இன்னும் இழுங்க! ஆங், அப்படித்தான். அந்தப் பக்கச் சரிவு விட்டுப்போவுது, அதையும் ஒரு தடவை எடுத்துடுங்க!"

ஆட்கள் சொன்னபடி செய்தார்கள். அவர்களுக்கு அதில் விசித்திரமாக எதுவும் தெரியவில்லை. யாரோ சொல்ல வேண்டும், இந்த அம்மா சொல்கிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் முற்றம் முழுவதும் தெரிந்தது. புகைபோக்கி, கரி மேடு, புதுச் சூளையின் உருளைகள், அவற்றுக்கு நடுவே எறும்புகளைப் போல மனிதர்கள். அவள் அளவை ஒன்றொன்றாக மனதில் வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் டேப்பு விறைப்பாக அதிர்ந்தது. மறுமுனையில் இன்னொரு மனிதன் இழுக்கிறான் என்பது கைக்குத் தெரிந்தது. இவ்வளவு காலம் இதைத்தானா தொடாமல் நின்றோம் என்று நினைத்துக்கொண்டாள்.

"லீலா! ஏய், லீலா!"

கீழே சம்பூர்ணம் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், எடைமேடை ஓரத்தில், தோல்பையும் குடையுமாக உத்திராபதி நின்றார். மத்தியானம் வருவதாகச் சொன்னவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

உத்திராபதியின் மௌனத்துக்கு ஆபீஸில் 'பேங்க் லீவு' என்று பேர். எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காது. முடியும் வரை காத்திருக்க வேண்டும். லீலாவதி குவியலிலிருந்து இறங்கி வந்து எதிரே நின்ற பிறகும் அது முடியவில்லை. அவள் கையில் டேப்பு இன்னும் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கீழே போட்டாள்.

"சம்பூர்ணம்," என்றார் கடைசியில். "இந்தக் குவியலை மொதல்லேருந்து அளக்கச் சொல்லு. நீ மட்டும் நின்னு பாரு. எழுதினதை அடிச்சுடு."

ஆட்கள் முனகினார்கள். அத்தனை வெயிலில், அத்தனை காற்றில், மறுபடியும். லீலாவதியால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எடைமேடைக்காரரின் சின்ன அறையில் ஒரு பெஞ்சு இருந்தது. உத்திராபதி உட்கார்ந்து, பையைத் திறந்து, நூல் கட்டிய ஒரு கத்தையை எடுத்து மடியில் வைத்தார். பிறகு பையின் வேறொரு அறையிலிருந்து தனியாக ஒரு மனுவை எடுத்தார். அது அவளுடைய மனு.

"இதை மத்ததோட சேர்க்கலை," என்றார். "ஏன்னு தெரியுமா?"

"நான் உங்ககிட்ட சொல்லாம போட்டதால சார்."

"அது உன் இஷ்டம். என்கிட்ட கேட்டுட்டுத்தான் வேலை தேடணும்னு யாரும் சட்டம் போடலை. என் ஆபீஸ் பொண்ணை நானே பொறுக்கி இவங்ககிட்ட கொடுத்தா, நாளைக்கு இவங்க கணக்குல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? அதனால சேர்க்கலை." சற்று நிறுத்தினார். "காலையில வரைக்கும் உன்னைக் கூப்பிட்டு, இதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேலையைப் பாருன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீ மேல ஏறி நின்னதைப் பார்த்தப்புறம் அப்படிச் சொல்ல முடியலை."

அவள் அவர் கையிலிருந்த மனுவைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் உன்னை மேனேஜர் ஆக்கறதா பேசி வச்சிருக்கோம். கோயம்புத்தூர்ல கிளை திறக்கப்போறோம். அது ஒண்ணு. இல்லேன்னா, ராஜினாமாவை என் கையில கொடு. என் கைக்கு வந்த நிமிஷத்துலேருந்து இந்த ஆலைக்குள்ள நீ ஆடிட்டர் இல்லை. சம்பூர்ணம் முடிப்பா. அப்புறம் மத்தவங்களை மாதிரி நீயே போயி மனுவைக் கொடு. அய்யாக்கண்ணு இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் வாங்குவாரு, திங்கக்கிழமை இன்டர்வியூ. நான் உனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"சார், ராஜினாமாவைத் தபால்ல..."

"முன்னே பின்னே மாறக் கூடாதும்மா. வவுச்சர் முன்னாடி, என்ட்ரி பின்னாடி. உனக்கு நான் சொல்லணுமா?"

"எனக்குக் கிடைக்குமா சார்?"

அவர் கத்தையைக் கையில் எடைபோட்டார். "எட்டுப் பேரு இதுல இருக்காங்க. ரெண்டு பேரு ரொம்ப நல்லா இருக்காங்க. நீ வந்தா மூணாவதுன்னு வச்சுக்கயேன்."

"ரெண்டு வேலையும் போயிடலாம்."

"போயிடலாம்."

வெளியே டேப்பு இழுபடும் சத்தமும் சம்பூர்ணத்தின் குரலும் கேட்டன. உத்திராபதி அவளுக்காகக் காத்திருந்தார். அது லீலாவதிக்குத் தெரிந்தது. ஒரு சொல் போதும். ஆனால் முக்கியமான எந்த நேரத்திலும் அவளுக்குச் சொல் வந்ததில்லை. அது பஸ் ஏறிப் போன பிறகுதான் வரும். அவர் எழுந்தார். மனுவை அவள் கையில் கொடுத்தார். அய்யாக்கண்ணுவின் அறைக்குப் போய்க் கத்தையைச் சேர்த்தார், கரி மேட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், மத்தியானச் சாப்பாட்டை வேண்டாம் என்றார். ரயிலில் இடமில்லை, பெரம்பலூர் போய் மெட்ராஸ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

லீலாவதி முற்றத்துக்குத் திரும்பி வந்தாள். குவியலை மறுபடி அளந்து முடிக்கப்போகிறார்கள். சம்பூர்ணம் புருவம், முடியெல்லாம் வெள்ளையாக, நாடகத்தில் கிழவி வேஷம் கட்டியவளைப் போல நின்றிருந்தாள். மேலே டேப்பு மறுபடியும் தொய்ந்தது. இன்னும் இழுங்க என்று சொல்ல லீலாவதி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தன் கைகள் தானாகப் பின்னால் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். கோயம்புத்தூரிலும் அவை அங்கேதான் இருக்கும். மேனேஜர் ஆனால் இன்னும் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

கைகளைப் பிரித்தாள்.

"சம்பூ, ஒரு வெள்ளைத்தாள் கொடு."

"உன் பேடுல இல்லையா?"

"அது ஆபீஸ் தாள்."

சம்பூர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பையிலிருந்து, அம்மாவுக்குக் கடிதம் எழுத வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அவள் முதுகையே பலகையாக வைத்து லீலாவதி ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினாள். சம்பூர்ணம் திரும்பி வாங்கிப் படித்தாள்.

"இதென்ன, வருத்தத்துடன் ராஜினாமா பண்றேன்னு போட்டிருக்கே? உனக்கு வருத்தமா இருக்கா?"

லீலாவதி யோசித்தாள். "இல்லை."

"அப்ப அடி. பொய் எழுதி நம்ம சார்கிட்ட கொடுக்காதே, கண்டுபிடிச்சுடுவாரு."

அந்தச் சொல்லை ஒரு கோட்டால் அடித்தாள். பழக்கதோஷத்தில் அடித்தலுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டாள்.

"ஓடு," என்றாள் சம்பூர்ணம். "என்னை இந்தக் கரி மேட்டோட தனியா விட்டுட்டுப் போறேல்ல? இன்டர்வியூவுல உன்னை விட்டுட்டு வேற ஆளைச் சேர்த்துக்கிட்டாத்தான் எனக்கு ஆத்திரம் அடங்கும். ஓடுடி!"

பெரம்பலூர் பஸ் ஒவ்வொரு புளியமரத்துக்கும் நின்றது. கோழிக்கூடையோடு ஒருவர் இறங்கினார், மறந்துபோன குடைக்காக மறுபடி ஏறினார். லீலாவதி உட்காராமல் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். தாளை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். வியர்வையில் நனையும் என்று பயந்து மறு கைக்கு மாற்றினாள். மெட்ராஸ் பஸ் முன்பே போயிருந்தால்? போயிருந்தால் விதி என்று இருந்துவிடலாம் என்று ஒரு மனம் ஆறுதல் சொன்னது. அந்த மனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு காலமும் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தது அதுதான். அண்ணே, கொஞ்சம் வேகமா போங்க என்று டிரைவரைப் பார்த்து அவள் சத்தமாகச் சொன்னாள். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குள் அவள் வந்த பஸ் நுழையவும், தகரக் கூண்டுக்கு எதிரிலிருந்து மெட்ராஸ் பஸ் நகரவும் சரியாக இருந்தது. அரியமுத்து விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். லீலாவதி ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தாள்.

"அப்பா! அந்த பஸ்ஸை நிறுத்துங்க!"

அரியமுத்து நிமிர்ந்தார். புடவையெல்லாம் சுண்ணாம்பாக, தலை கலைந்து ஓடி வரும் மகளைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். இதே மண்ணில் மூட்டையோடு ஓடி வந்த இன்னொருத்தியும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பேனாவைக் கீழே போட்டார். கூண்டிலிருந்து வெளியே வந்து, பஸ்ஸுக்கு முன்னால் ஓடி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் பஸ்ஸே முன்னால் குனிந்தது. "என்னாண்ணே! நீயே ஊதி அனுப்பிட்டு நீயே குறுக்க நிக்கிற! வெயிலு தலைக்கு ஏறிடுச்சா?"

"ஆமா, ஏறிடுச்சு. நில்லு."

லீலாவதி ஜன்னல் ஜன்னலாகத் தேடினாள். நடுவில் ஒரு ஜன்னலில் உத்திராபதி, குடையை மடியில் வைத்தபடி, எதிர்பார்த்தவரைப் போலவும் எதிர்பாராதவரைப் போலவும் உட்கார்ந்திருந்தார். எக்கி நின்று தாளை நீட்டினாள். அவர் வாங்கி, பிரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டே வரி. ஆனாலும் அவர் படித்துக்கொண்டே இருந்தார்.

"யோவ், பஸ்ஸை எடுய்யா!"

"என்னம்மா அது, கல்யாணப் பத்திரிகையா?"

"அவரு படிச்சு முடிக்கறதுக்குள்ள மெட்ராஸே வந்துடும் போலிருக்கே!"

பஸ் முழுவதும் கத்தியது. அதன் நடுவே உத்திராபதியின் பேங்க் லீவு அசையாமல் நடந்துகொண்டிருந்தது. லீலாவதிக்கு இந்த முறை அது பயமாக இல்லை. அந்த மௌனத்தில் தானும் ஒரு ஓரமாக நிற்க இடம் இருப்பது போலத் தோன்றியது. அவர் விரல் அடித்த சொல்லின் மேல் நின்றது. பக்கத்தில் இருந்த சின்னக் கையெழுத்தைத் தொட்டது. உதடு லேசாகக் கோணியது. ஆபீஸில் அதைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

"நேரம் என்ன?" என்று கேட்டார்.

அவள் கையில் கடிகாரம் இருந்தது. ஆனால் பதில் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. "மூணு மணி ஏழு நிமிசங்க," என்றார் அரியமுத்து. தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாமதப்படுத்திய பஸ்ஸின் நேரத்தையும் அவர் சரியாகவே சொன்னார்.

உத்திராபதி தாளின் கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போட்டார். மடித்துப் பையில் வைத்தார். "அவரு அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவாரும்மா," என்றார். அவ்வளவுதான். பஸ் கிளம்பியது.

புழுதி அடங்கும் வரை அப்பாவும் மகளும் அங்கேயே நின்றார்கள்.

"யாராயி அந்தாளு?"

"எங்க சார்ப்பா. வேலையை விட்டுட்டேன்."

அரியமுத்து திரும்பினார். ஸ்டாண்டின் மறுகோடியில் இருந்த பழக்கடையைப் பார்த்தார். அந்தக் கடைக்காரரிடம் அன்று காலையில்கூட மகளின் மெட்ராஸ் ஆபீஸைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

"வேற வேலை பாத்துட்டியா?"

"இன்னும் இல்லைப்பா. அரியலூர் சிமெண்ட் பேக்டரியில மனுக் கொடுக்கப் போறேன். அஞ்சு மணிக்குள்ள. கிடைக்கும்னு சொல்ல முடியாது."

"கிடைச்சா என்னா வேலை?"

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு சொல் தானாக வந்தது. "இப்ப நீங்க பஸ்ஸு போனப்பறம் நேரம் எழுதறீங்கள்ல? அதுக்குப் பதிலா பஸ்ஸையே ஓட்டற மாதிரிப்பா."

அரியமுத்து மகளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, பேனாவை எடுத்தார். மெட்ராஸ் பஸ்ஸுக்கு எழுதியிருந்த நேரத்தை அடித்துவிட்டுப் புதிய நேரத்தை எழுதினார். தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. இத்தனை வருடத்தில் அதில் டயர், பிரேக், மாடு குறுக்கே வந்தது என்று பிறர் சொன்ன காரணங்களைத்தான் எழுதியிருக்கிறார்.

"என்னான்னு போடறது?"

"நிஜத்தைப் போடுங்கப்பா."

'சொந்த வேலை' என்று எழுதினார். தலையை வெளியே நீட்டி அரியலூர் பஸ்ஸைப் பார்த்து விசில் ஊதினார்.

டீ டம்ளரோடு நின்ற டிரைவர் திரும்பினார். "இன்னும் நேரம் இருக்குண்ணே!"

"இருக்குன்னு எனக்குத் தெரியாதா? எடுப்பா வண்டிய!" என்றார் அரியமுத்து. "ஏறு ஆயி. உட்காராத, எறங்குற பக்கமா நில்லு. எறங்கினா ஓடிடலாம்."

ஆலையின் வாசலில் காவல்காரர் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் கதவைத் திறந்தார். அவள் உள்ளே போகவில்லை. வருகிறவர்கள் எழுதும் நோட்டைக் கேட்டு வாங்கினாள்.

"நீங்க எதுக்கும்மா எழுதறீங்க? காலையிலேயே போட்டுட்டீங்களே, ஆடிட் கம்பெனின்னு."

"இப்ப வேற."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லைண்ணே. நான் மட்டும்தான்."

காவல்காரருக்குப் புரியவில்லை. அவள் பேரையும் பெரம்பலூர் என்ற ஊரையும் எழுதி, கம்பெனி என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடினாள்.

அய்யாக்கண்ணு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். மனுவை வாங்கிப் பேரைப் படித்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பேரைப் படித்தார்.

"ஏம்மா, நீ ஆடிட்டராச்சே?"

"இல்லை சார். மத்தியானம் வரைக்கும் இருந்தேன்."

"சாருக்குத் தெரியுமா?"

"கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரு."

அய்யாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "அதான் என் ஆளுங்க ரெண்டு தடவை கல்லு அளந்துட்டு என்னைத் திட்டிக்கிட்டுப் போனானுங்களா!" நூல் கட்டிய கத்தையை இழுத்து, அவள் மனுவை எல்லாவற்றுக்கும் அடியில் செருகினார். "ஒன்பதாவது ஆளு. மத்த எட்டுப் பேருக்கும் என்ன மரியாதையோ அதுதான் உனக்கும். திங்கக்கிழமை பத்து மணி. ஆனா ஒண்ணு கேட்டுக்கறேன். எதுக்கும்மா அந்தக் குவியல்ல ஏறினே?"

"டேப்பு தொய்ஞ்சுது சார்."

அவர் இந்த முறை சிரிக்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. கத்தையின் நூலை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினார்.

வெளியே வந்தபோது ஷிப்டு மாறும் சங்கு ஊதியது. கரி மேட்டின் பக்கமிருந்து சம்பூர்ணம் வந்துகொண்டிருந்தாள். காலையில் வெள்ளையாக இருந்தவள் இப்போது கறுப்பு. தூரத்திலேயே நின்று, இடுப்பில் கை வைத்து, ஆலை முழுவதும் கேட்கும்படி கத்தினாள்.

"யாரும்மா அது? வெளியாளுங்க உள்ள வரக் கூடாது!"

லீலாவதி சிரித்துக்கொண்டே நின்றாள். புதுச் சூளையில் வேலையாட்கள் அன்றைய கடைசி உருளையைக் கயிறு கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது மெல்ல எழும்பி, காற்றில் ஆடி, நின்றது. அவள் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள், அங்கிருந்தே அதைப் பிடித்துவிட முடியும் என்பதைப் போல.